பாமாயில் இறக்குமதிக் கணக்கை ஒப்பிட்டுப் படிக்கும் முறை: மணிலா பயிரிடுவோர்க்கு ஒரு பாடம்

நெய்வேலி நகரியத்தின் கடைகளில் நாள்தோறும் விற்பனையாகும் சமையல் எண்ணெயில் ஒரு பெரும் பகுதி கடல் கடந்து வருவதாகும். நகரியத்தின் எல்லையைத் தாண்டியவுடனே முத்தாண்டிக்குப்பம், காடாம்புலியூர், குறிஞ்சிப்பாடி ஆகிய பக்கங்களில் செம்மண் கொல்லைகள் தொடங்குகின்றன. அக்கொல்லைகளில் முந்திரியும் மணிலாவும் தலைமுறை தலைமுறையாகப் பயிராகி வருகின்றன. ஆயினும் நகரியத்துச் சிற்றுண்டிச் சாலைகளில் வடை பொரியும் எண்ணெய் பெரும்பாலும் சுமத்ரா, போர்னியோ முதலிய தீவுகளிலும் மலேயாத் தீபகற்பத்திலும் உள்ள எண்ணெய்ப்பனைத் தோட்டங்களிலிருந்து வருகின்றது. ரேஷன் கடைகளின் மூலமாகக் குடிசைகளிலும் பாமாயில் புகுந்துவிட்டது. இந்திய தேசம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், உண்ணும் எண்ணெயில் பாதிக்கு மேற்பட்டது இறக்குமதியானதே. அவ்விறக்குமதியில் பாமாயிலே முதன்மையானது.

இந்தப் பாமாயிலை இந்தியாவுக்கு விற்கும் நாடுகளுள் இந்தோனேசியாவும் மலேசியாவும் தலையானவை. இவ்விரு நாடுகளையும் பற்றிய செய்திகள் பத்திரிகைகளில் அடிக்கடி வெளிவருகின்றன. "மலேசிய எண்ணெய் குறைந்தது", "இந்தோனேசியா ஏற்றுமதியைத் தடுத்தது" என்பன போன்ற தலைப்புகளைக் கண்டவுடன், மணிலா விலை ஏறிவிடும் என்று கருதி ஓரிரண்டு ஏக்கர் கூடுதலாக விதைக்க முற்படுவோர் உண்டு. ஏக்கர் ஒன்றுக்கு ஏறத்தாழ 50 கிலோ விதைப்பருப்பு வேண்டும். அதன் விலையும், உழவுக் கூலியும், பிடுங்கிக் காய் ஆயும் கூலியும் செய்தியை நம்பி முன்னதாகவே செலவாகிவிடுகின்றன. ஆகவே இவ்வகைச் செய்தியைச் சரியாகப் படித்துப் பொருள் கொள்ளும் முறையை நிலமுடையோரும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

1. எந்த வருஷத்துக் கணக்கு என்று பார்த்தல்

கணக்கைக் கையில் எடுத்தவுடன் முதலில் நோக்க வேண்டியது வருஷத்தின் எல்லையாகும். எண்ணெய் வியாபாரத்தில் மூன்று வித வருஷங்கள் வழங்குகின்றன. ஜனவரி முதல் டிசம்பர் வரை உள்ளது காலண்டர் வருஷம். ஏப்ரல் முதல் மார்ச் வரை உள்ளது சர்க்காரின் நிதி வருஷம். நவம்பர் முதல் அக்டோபர் வரை உள்ளது எண்ணெய் வருஷம். இந்திய எண்ணெய் வியாபாரிகள் இதனையே பெரிதும் கையாளுகின்றனர்.

ஒரு நாட்டுக்கு எண்ணெய் வருஷக் கணக்கையும் மற்றொரு நாட்டுக்கு நிதி வருஷக் கணக்கையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது, ஒரு கொல்லையின் கார் மகசூலையும் வேறொரு கொல்லையின் முழு வருஷ மகசூலையும் ஒப்பிடுவது போலாகும். மலேசிய எண்ணெய்க்கு மட்டும் ஒரு வரிச்சலுகை 2019 ஜனவரி முதல் அவ்வருஷம் செப்டம்பர்த் தொடக்கம் வரை இருந்தது. காலண்டர் வருஷக் கணக்கில் அதன் பயன் முழுவதும் 2019 என்ற ஒரே கட்டத்தில் தெரியும். நிதி வருஷக் கணக்கிலோ அதே பயன் 2018-19, 2019-20 என்ற இரு கட்டங்களில் பிரிந்து மங்கிவிடும். எனவே ஒப்பிடும் இரு நாடுகளுக்கும் வருஷ எல்லை ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

2. மூன்று வருஷத்து நிலவரம்

கீழே காணும் அட்டவணையில், அவ்விரு நாடுகளின் எண்ணெய்த் தொழிலாரும் வாரியத்தாரும் வெளியிட்டுள்ளபடி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட பாமாயிலின் அளவு காலண்டர் வருஷப்படி தரப்பட்டிருக்கின்றது. அளவுகள் லக்ஷம் டன்னில், ஏறத்தாழ முழு எண்ணாக்கப்பட்டவை.

வருஷம் | இந்தோனேசியா | மலேசியா | இரண்டும் சேர்ந்து
2017 | 76 | 20 | 96
2018 | 67 | 25 | 92
2019 | 48 | 44 | 92

இந்த அட்டவணையின் இரண்டாம் பத்தியை மட்டும் பார்ப்பவர், பாமாயில் வரத்து பெரிதும் குறைந்து வருகிறது என்பார். மூன்றாம் பத்தியை மட்டும் பார்ப்பவர், பாமாயில் வெள்ளமெனப் பெருகுகிறது என்பார். கடைசிப் பத்தியைப் பார்ப்பவரோ, 2018-க்கும் 2019-க்கும் இடையே மொத்த வரத்தில் மாறுதல் ஏதும் இல்லை என்று கூறுவார். மூவர் கூறுவதும் கணக்குப்படி சரியே. ஆனால் மணிலா பயிரிடுவோருக்கு உபயோகமானது மூன்றாமவர் கூற்றாகும். ஒரு நாடு விட்ட இடத்தை மற்றொரு நாடு நிரப்பிவிட்டது. இந்தியாவின் துறைமுகங்களில் இறங்கிய எண்ணெய் குறையவில்லை.

3. அளவு, விகிதம், பங்கு

ஒரே மாறுதலை மூன்று விதமாகச் சொல்லலாம். அவற்றின் வேற்றுமையை அறியாதவர் எளிதில் ஏமாறுவர்.

முதலாவது அளவு. 2018-லிருந்து 2019-க்குள் மலேசியாவின் வரத்து 19 லக்ஷம் டன் ஏறிற்று. இந்தோனேசியாவின் வரத்து அதே 19 லக்ஷம் டன் இறங்கிற்று.

இரண்டாவது விகிதம். அந்த 19 லக்ஷம் டன், மலேசியாவின் 25 லக்ஷத்தோடு ஒப்பிட நூற்றுக்கு 76 வீதம் ஏற்றம். இந்தோனேசியாவின் 67 லக்ஷத்தோடு ஒப்பிட நூற்றுக்கு 28 வீதமே இறக்கம். "மலேசிய எண்ணெய் நூற்றுக்கு 76 வீதம் உயர்வு" என்ற தலைப்பைப் படிப்பவருக்குப் பேராபத்து வந்ததுபோல் தோன்றும். சிறிய எண்ணின் மேல் கணக்கிடும் விகிதம் பெரிதாகத் தோன்றுவது இயல்பு. ஒரு மாடு வைத்திருப்பவர் இன்னொன்று வாங்கினால் அவர் மந்தை நூற்றுக்கு நூறு பெருகியதாகும்; இருபது மாடு உடையவர் ஒன்று வாங்கினால் நூற்றுக்கு ஐந்துதான்.

மூன்றாவது பங்கு. இரு நாடுகளும் சேர்ந்து அனுப்பியதை நூறாகக் கொண்டால், 2018-இல் இந்தோனேசியாவின் பங்கு 73, மலேசியாவின் பங்கு 27. 2019-இல் அவை முறையே 52, 48 ஆயின. எந்த நாடு யாருடைய இடத்தைப் பிடிக்கிறது என்பதை அறியப் பங்கே தக்க அளவுகோல். ஆனால் பங்கைக்கொண்டு மொத்தம் ஏறியதா இறங்கியதா என்று சொல்ல இயலாது.

அடிப்படை வருஷத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். 2018-ஐ 100 எனக் கொண்டால் 2019-இல் மலேசியாவின் எண் 176, இந்தோனேசியாவின் எண் 72. 2017-ஐ 100 எனக் கொண்டாலோ அவை 220, 63 ஆகிவிடும். மழை பொய்த்த வருஷத்து மகசூலை அடிப்படையாகக் கொண்டால் அடுத்த வருஷ மகசூல் எல்லாம் அமோகமாகத் தோன்றும் அன்றோ? ஆகவே ஒரே ஒரு வருஷத்தை அடிப்படையாக்காமல் இரண்டு மூன்று வருஷங்களைச் சேர்த்துப் பார்ப்பது நலம்.

4. மாறுதலுக்குக் காரணம் என்ன?

மலேசியத் தோட்டங்களில் அவ்வருஷம் காய்ப்பு இரட்டித்ததோ, இந்தோனேசியத் தோட்டங்கள் பட்டுப்போனதோ இல்லை. உலகில் மிகுதியாகப் பாமாயில் உற்பத்தி செய்யும் நாடு இந்தோனேசியாதான். 2006-ஐ ஒட்டிய காலத்தில் அது மலேசியாவை முந்திற்று; இன்று அதன் உற்பத்தி மலேசியாவினுடையதைப்போல் இரண்டு மடங்குக்கு மேற்பட்டது. 2019-இல் நேர்ந்த மாறுதலின் காரணம் இரு ஒப்பந்தங்களின் தேதி வேற்றுமையில் இருந்தது.

தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமாகிய ஆசியானுடன் இந்தியா செய்துகொண்ட சரக்கு வியாபார ஒப்பந்தம் 2010-இல் அமலுக்கு வந்தது. இதில் இந்தோனேசியா, மலேசியா இரண்டும் அடங்கும். இஃதன்றி மலேசியாவோடு மட்டும் செய்துகொண்ட தனி ஒப்பந்தம் ஒன்று 2011 ஜூலை 1 முதல் அமலாயிற்று. இரண்டின்படியும் பாமாயிலின் சுங்கவரி படிப்படியாகக் குறைய வேண்டும். சுத்திகரித்த பாமாயிலின் வரி நூற்றுக்கு 45 ஆகும் நாள், மலேசிய ஒப்பந்தத்தில் ஒரு வருஷம் முந்தி வந்துவிட்டது. அதனால் 2019 ஜனவரி முதல் தேதி முதல் மலேசியச் சுத்திகரித்த எண்ணெய்க்கு வரி 45, இந்தோனேசிய எண்ணெய்க்கு வரி 50 என்று ஆயிற்று. சுத்திகரிக்காத எண்ணெய்க்கு இரு நாட்டுக்கும் 40.

இந்த ஐந்து வீத வேற்றுமையே 19 லக்ஷம் டன்னை இடம் பெயர்க்கப் பெரிதும் காரணமாயிற்று. பெரிய அளவில் வாங்கும் வியாபாரிக்கு நூற்றுக்கு ஐந்து என்பது கொள்ளை லாபம்; அவர் கப்பலை வேறு துறைமுகத்துக்கு அனுப்பத் தயங்குவதில்லை. இத்தொகையின் பருமனை மணிலாக் கணக்கில் பார்க்கலாம். 100 கிலோ மணிலாக்காயை உடைத்தால் ஏறத்தாழ 70 கிலோ பருப்பும், அதனை ஆட்டினால் ஏறத்தாழ 30 கிலோ எண்ணெயும் கிடைக்கும். அவ்வாறெனில் 19 லக்ஷம் டன் எண்ணெய்க்கு 63 லக்ஷம் டன் காய் வேண்டும். 2019-20-இல் இந்தியா முழுவதும் விளைந்த மணிலாவே ஏறத்தாழ 100 லக்ஷம் டன்தான்.

சுத்திகரித்த எண்ணெய் மலிவாக வந்ததால் உள்நாட்டுச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு வேலை குறைந்தது. அவர்கள் முறையிட்டதன் பேரில், 2019 செப்டம்பர் முதல் வாரத்தில் மலேசியச் சுத்திகரித்த எண்ணெய்க்கு மேலும் 5 வீதம் பாதுகாப்பு வரி 180 நாட்களுக்கு விதிக்கப்பட்டது. சலுகை அத்துடன் தீர்ந்தது. 2020 ஜனவரி முதல் ஆசியான் ஒப்பந்தப்படி எல்லார்க்கும் வரி 45 ஆகவும், சுத்திகரிக்காததற்கு 37.5 ஆகவும் குறைந்தது.

5. 2020 ஜனவரிச் செய்தி கற்பிப்பது

2019 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சபையில் மலேசியப் பிரதமர் மகாதீர் முகம்மது காஷ்மீர் விஷயமாகப் பேசியதை அடுத்து இரு தேசங்களுக்கும் மனக்கசப்பு ஏற்பட்டது. 2020 ஜனவரி 8-ஆம் தேதி, சுத்திகரித்த பாமாயிலை இந்திய சர்க்கார் கட்டுப்பாட்டுக்குட்பட்ட சரக்குகளின் பட்டியலில் சேர்த்தது. "மலேசிய எண்ணெய்க்குத் தடை" என்று செய்தி பரவிற்று.

அது மார்கழி மாதம். கிணற்றுப் பாசனமுள்ள கொல்லைகளில் மணிலா விதைக்கும் பட்டம். ஐந்து ஏக்கர் கொல்லையுடைய குடித்தனக்காரர் ஒருவர் அச்செய்தியைப் படித்து, மூன்று ஏக்கரில் விதைக்க எண்ணியிருந்ததை ஐந்தாக்கினார் என்று வைத்துக்கொள்வோம். அவர் உத்தரவின் வாசகத்தை நோக்கியிருப்பின் இரண்டு விஷயங்கள் விளங்கியிருக்கும். முதலாவது, உத்தரவில் நாட்டின் பெயர் இல்லை. சரக்கின் வகையே கூறப்பட்டிருந்தது. சுத்திகரித்த எண்ணெயை மிகுதியாக அனுப்பி வந்தது மலேசியா ஆதலின் அடி அதன்மேல் விழுந்தது. இரண்டாவது, சுத்திகரிக்காத எண்ணெய் முன்போல் தடையின்றி வரலாம். அதற்கு வரியும் அந்த மாதமே குறைந்திருந்தது. ஆகவே வரத்து நிற்கும் என்று எதிர்பார்க்க இடமில்லை.

நடந்ததும் அதுவே. மலேசியாவின் வரத்து 2019-இல் 44 லக்ஷம் டன்னாக இருந்தது, 2020-இல் ஏறத்தாழ 27 லக்ஷமாகச் சுருங்கிற்று. இந்தோனேசியா மீண்டும் தெளிவாக முதலிடம் பெற்றது. எண்ணெய் வருஷக் கணக்கில் மொத்தப் பாமாயில் இறக்குமதி 2018-19-இல் ஏறத்தாழ 94 லக்ஷம் டன்னாக இருந்து 2019-20-இல் 72 லக்ஷமாகக் குறைந்தது உண்மை. ஆனால் அக்குறைவிற்குப் பெருங்காரணம், 2020 மார்ச் 25 முதல் அமலான ஊரடங்கில் ஹோட்டல்களும் விருந்துகளும் நின்றுபோனமை. மேற்படி குடித்தனக்காரர் செடி பிடுங்கிக் காய் ஆயும் சித்திரை மாதமும் அதே ஊரடங்குக் காலமாக இருந்தது. அவர் எதிர்பார்த்த காரணம் வேறு. வந்து சேர்ந்த நிலைமை வேறு. இரண்டு கோடுகளில் ஒன்று விழுந்ததைக் கண்டு மூன்றாவது கோட்டைப் பற்றி முடிவு செய்யலாகாது என்பதே இதன் பாடம்.

6. இரு நாடுகளும் ஒருங்கே குறையுங்கால்

ஒன்று குறைய மற்றொன்று நிரப்புதல் எப்போதும் நிகழும் என்றும் கொள்ளலாகாது. 2022 பிப்ரவரியில் உக்ரேன் யுத்தம் தொடங்கவே சூரியகாந்தி எண்ணெய் வரத்து தடைப்பட்டது. அவ்வருஷம் ஏப்ரல் 28 முதல் மே 23 வரை இந்தோனேசியா தன் ஏற்றுமதியை நிறுத்திற்று. மலேசியாவில் அப்போது தோட்டத் தொழிலாளர் பற்றாக்குறை இருந்தமையால் அந்நாடு முழு இடத்தையும் நிரப்ப இயலவில்லை. மார்ச் மாதத்தில் மலேசியச் சந்தையில் பாமாயில் டன் ஒன்று 7,000 ரிங்கிட்டுக்கு மேல் விற்றது. ஆனால் தடை நீங்கியபின் தேங்கிய சரக்கு வெளிவந்து, செப்டம்பர் இறுதிக்குள் விலை ஏறத்தாழ பாதியாக விழுந்தது. மணிலா விதைத்துக் காய் எடுக்க ஏறத்தாழ 105 நாட்கள் ஆகும். உச்ச விலையைக் கண்டு விதைத்தவர் அறுவடை செய்யும்போது உச்சம் கடந்துவிடும்.

எண்ணெய்ப்பனையின் இயல்பும் இங்கு நினைக்கத்தக்கது. நட்ட மூன்று நான்கு வருஷங்களில் காய்க்கத் தொடங்கி, இருபத்தைந்து வருஷம் வரை பத்து பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை குலை வெட்டப்படும். விலை விழுந்தாலும் மரம் காய்ப்பதை நிறுத்துவதில்லை. மணிலாவோ பட்டத்துக்குப் பட்டம் கூட்டவும் குறைக்கவும் கூடிய பயிர். ஆகவே விலைச் சண்டையில் விட்டுக்கொடுப்பது மணிலாவாகவே இருக்கின்றது. மறுபுறம், இந்தோனேசியா தன் பாமாயிலை டீசலில் கலந்து எரிப்பதை ஆண்டுக்காண்டு உயர்த்தி வருகின்றது. 2020-இல் நூற்றுக்கு 30 பங்காக இருந்த கலப்பு 2025-இல் 40 ஆக்கப்பட்டது. அந்நாட்டிலேயே செலவாகும் எண்ணெய் இந்தியாவுக்கு வராது. இது ஒரு நாள் செய்தியன்று, நீண்டகாலப் போக்கு. ஒப்பிடுவோர் தனித்துக் குறித்துக்கொள்ள வேண்டியது இத்தகையதே.

7. மணிலா விலைக்கும் இதற்கும் உள்ள சம்பந்தம்

மணிலா விலை பாமாயிலின் நிழல்போல் தொடர்வதில்லை. மலிவான எண்ணெய் பொரியல், பலகாரம் ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டது. மணிலா எண்ணெய் கூடுதல் விலை கொடுப்போரின் எண்ணெயாக நிலைத்திருக்கின்றது; பருப்பில் ஒரு பகுதி தின்பண்டத்துக்கும் விதைக்கும் ஏற்றுமதிக்கும் செல்கின்றது. ஆயினும் மலிவு எண்ணெயின் விலை தரை போன்றது. தரை தாழ்ந்தால் மேலுள்ளவையும் சிறிது தாழும்.

அத்தரையை உயர்த்துவதும் தாழ்த்துவதும் பெரும்பாலும் சுங்கவரியே. 2024 செப்டம்பர் 14 முதல் சுத்திகரிக்காத பாமாயிலின் மொத்த வரி 5.5 வீதத்திலிருந்து 27.5 வீதமாக உயர்த்தப்பட்டது. 2025 மே 31 முதல் அது 16.5 ஆகக் குறைக்கப்பட்டது. இவ்வரி மாறுதல் இரு நாட்டுக்கும் பொது. ஆதலின் பங்கு மாறாமலே விலை மாறக்கூடும். இரு நாடுகளின் போட்டியை மட்டும் கவனிப்பவர் இதைத் தவறவிடுவர். மணிலாவுக்கு சர்க்கார் அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலை 2019-20-இல் குவிண்டாலுக்கு ரூ.5,090, 2025-26-இல் ரூ.7,263. சந்தை விலையை இதனோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது விவேகம்.

8. செய்முறை

கட்டம் போட்ட தாள் ஒன்றில் கீழ்க்கோட்டில் வருஷங்களையும், பக்கக்கோட்டில் லக்ஷம் டன்னையும் குறிக்கவும். இந்தோனேசியாவைக் கறுப்பு மையாலும், மலேசியாவைச் சிவப்பு மையாலும், இரண்டின் மொத்தத்தை நீல மையாலும் வரையவும். வரி மாறிய தேதிகளை மேலிருந்து கீழாகப் புள்ளிக்கோடாக இடவும். கறுப்பும் சிவப்பும் ஒன்றையொன்று வெட்டும்போது நீலம் நேராகச் சென்றால், விதைப்பை மாற்றக் காரணமில்லை. நீலமே இரண்டு வருஷம் தொடர்ந்து சாய்ந்தால், காரணத்தை ஆராய்ந்து, அருகிலுள்ள விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் விலையையும் பார்த்து முடிவு செய்யலாம்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் இதில் கடமை உண்டு. இறக்குமதி எவ்வளவு வேண்டும் என்ற கணக்கு, உள்நாட்டில் எவ்வளவு விளையும் என்ற கணக்கின்மேல் நிற்கின்றது. அந்தக் கணக்கின் அஸ்திவாரம் அடங்கல். முந்திரிக்கு இடையே போட்ட மணிலாவையும், பட்டம் தவறி விதைத்ததையும் கொல்லையில் நின்று பார்த்து எழுதினால்தான் அந்த எண் உண்மையாகும். சென்ற வருஷத்து எண்ணையே திருப்பி எழுதினால், துறைமுகத்தில் எவ்வளவு நுணுக்கமாக நிறுத்தாலும் தேசத்தின் கணக்கு தவறாகவே முடியும்.

சுருக்கம்

(1) ஒப்பிடும் இரு நாடுகளுக்கும் ஒரே வகை வருஷத்தைக் கொள்க. (2) அளவு, விகிதம், பங்கு மூன்றையும் தனித்தனியே பார்க்க. (3) இரண்டின் மொத்தத்தைக் காணாமல் முடிவு செய்யற்க. (4) உத்தரவில் நாடு கூறப்பட்டதா, சரக்கின் வகை கூறப்பட்டதா என்று நோக்குக. (5) ஓரிரு மாதச் செய்தியையும் நீண்டகாலப் போக்கையும் பிரித்தறிக.

பயிற்சி

2017-ஆம் வருஷத்தில் இரு நாடுகளின் பங்கையும் மேற்கண்ட அட்டவணையிலிருந்து கணக்கிடுக. 2017-க்கும் 2018-க்கும் இடையே இந்தோனேசியா இழந்ததில் எவ்வளவை மலேசியா நிரப்பிற்று, எவ்வளவு நிரம்பாமல் நின்றது என்பதைக் காண்க. விடைகள்: பங்கு நூற்றுக்கு 79, 21, இழந்தது 9 லக்ஷம் டன், நிரம்பியது 5, நிரம்பாதது 4.